குதிரையின் பின்பாதி

குதிரையின் பின்பாதி தன் சம்பளத்தைச் சொன்னதும் முன்பாதி அப்படியே நின்றுவிட்டது.

பொம்மைக் கடையின் நடுக்கூடத்தில், விடுமுறை நாள் கூட்டத்துக்கு மத்தியில், இரண்டு பேர் உள்ளே புகுந்து நடக்கும் பழுப்பு நிற வெல்வெட் குதிரை ஒரு காலைத் தூக்கியபடி சிலையானது. வால் பக்கம் மட்டும் நிற்காமல் முன்னேறி வந்ததில் முதுகில் பெரிய கூன் விழுந்தது. குழந்தைகள் கைதட்டினார்கள்.

"என்னாச்சு தம்பி? ஏன் நின்னுட்டே?" பின்னால் இருட்டுக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

"ஒண்ணுமில்லக்கா. கால்ல பிடிப்பு."

பிடிப்பு காலில் இல்லை. அக்கா சொன்ன தொகை அவன் வாங்குவதில் முக்கால் பங்குதான்.

அதே குதிரை, அதே நேரம், அதே வியர்வை. போதாக்குறைக்கு, இந்த வேலைக்கு வந்த புதிதில் அவனுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்ததே அக்காதான். "தலையும் கண்ணும் உனக்கு. எனக்கு உன் இடுப்பை விட்டா ஒண்ணும் தெரியாது. அதனால திரும்பறதுக்கு முன்னாடி குதிகாலால ரெண்டு தட்டு தட்டணும். தட்டாம திரும்பினே, நான் விழுந்துடுவேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அதற்காகவே பின்னறைத் தையல்காரம்மா முன்னங்கால் குதியில் ஒரு மரத்துண்டை வைத்துத் தைத்திருந்தாள். அன்றிலிருந்து அவன் தட்டாமல் திரும்பியதே இல்லை.

"இதை வச்சுக்கிட்டு நீ எப்படித்தான் குடும்பம் நடத்தறியோ" என்று அக்கா தொடர்ந்தாள். "நான் இங்க முடிச்சுட்டு லாண்டரிக்குப் போய் இஸ்திரி போடறதாலதான் பொழப்பு ஓடுது. முட்டி ரெண்டும் கழண்டுடும் போலிருக்கு. உனக்கும் இவ்வளவுதானே?"

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. நாக்கு நுனி வரை வந்தது.

"ஆமாக்கா. கிட்டத்தட்ட" என்றான்.

அன்று மாலை அக்கா முட்டியைப் பிடித்தபடி லாண்டரிப் பக்கம் நடப்பதை அவன் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தான். அவள் சிரித்துக் கையசைத்தாள். அவன் சட்டென்று குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான். வார் சரியாகத்தான் இருந்தது. அவனுக்குத்தான் வெட்கமாக இருந்தது.

மறுநாள் மேனேஜர் அறைக்குள் போய், கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"சார், எனக்கும் அக்காவுக்கும் ஏன் சார் சம்பளம் வேற வேற?"

"நீ முன்பாதிப்பா. தலை இருக்கு, பொறுப்பு இருக்கு. பின்னாடி என்ன? சும்மா கூடவே வர்றதுதானே?"

அட, இவ்வளவுதானா என்று அவனுக்குத் தோன்றியது. இடத்தை மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. "ஒரு மாறுதலா இருக்கட்டுமே" என்று சொல்லி அக்காவை முன்னால் அனுப்பினான்.

குதிரைக் கண் வழியாக எட்டிப் பார்த்த அக்கா வியந்துபோனாள். "அட! கடையில பெயின்ட் எல்லாம் மாத்திட்டாங்களா! எப்போ?"

மேனேஜர் அவனைக் கூப்பிட்டனுப்பினார்.

"பின்பாதிக்குப் போயிட்டியாமே? குழந்தைங்க ஏறி உட்கார்ற இடமாச்சே. பாரம் சுமக்கற வேலை. உனக்குக் கொஞ்சம் சேர்த்துப் போடச் சொல்லியிருக்கேன்."

"இத்தனை வருஷமா அக்காதானே சார் சுமந்தாங்க?"

"அவங்களுக்குப் பழகிப்போச்சுப்பா."

இந்தப் பதிலை மென்றுகொண்டே அவன் இருட்டுக்குள் குனிந்து நடந்ததில், முன்னால் அக்கா ஒழுங்காகத் தட்டிய இரண்டு தட்டு அவன் காதில் விழவில்லை. அக்கா இடப்பக்கம் திரும்பினாள். அவன் நேராகப் போனான். குதிரை நீண்டது, வால் கிழிந்தது, பீங்கான் பொம்மை அலமாரி சரிந்தது.

"முன்னாடி இருக்கறவங்கதானே பார்த்து நடக்கணும்?" என்று சொல்லி மேனேஜர் உடைந்ததற்கு அக்கா சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.

"தப்பு என்னோடது சார்!"

"உன் பெருந்தன்மை யாருக்கு வரும்?" என்று அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

மறுபடி பழைய இடங்களுக்கே திரும்பினார்கள். சேர்த்துப் போட்ட தொகை மட்டும் அவனிடமே தங்கிவிட்டது. கொடுத்ததைப் பிடுங்குவது அழகில்லையாம். ஆக, இடைவெளியைக் குறைக்கப் போனவன் இரண்டு பக்கமும் இழுத்து அகலமாக்கிவிட்டு வந்திருந்தான்.

இனி யாரையும் கேட்க வேண்டாம் என்று முடிவு செய்தான். சம்பள நாளன்று, தன் பங்கில் கூடுதலாக வந்ததைச் சுருட்டி, ஆளில்லாத நேரம் பார்த்து, பின்னறையில் அக்கா கழற்றி வைத்திருந்த முட்டி உறைக்குள் செருகினான். ஆள் இருந்தாள். மூலையில் குதிரை வாலைத் தைத்துக்கொண்டிருந்த தையல்காரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"அக்காகிட்ட ஏதாவது பேசணும்னா பேசிடேன்ப்பா."

"பேச என்னம்மா இருக்கு?" என்று அவன் நழுவினான்.

மாலை உறையைக் கழற்றும்போது பணத்தைக் கண்ட அக்கா பதறிப்போனாள். "பாவம், யாரோ பிள்ளையைத் தூக்கி உட்கார வைக்கும்போது விட்டுட்டாங்க" என்று நேராக மேனேஜரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் எல்லாரையும் கூட்டி அவளுடைய நேர்மையைப் புகழ்ந்தார். யாரும் தேடி வராவிட்டால் பணம் கடைக்குச் சேரும் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அவனும் தட்டினான். வேறு என்ன செய்வான்?

அடுத்த நாள் காலை குதிரைக்குள் அக்கா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அவள் குதிரைக்குள் பாடி அவன் கேட்டதே இல்லை.

"தம்பி, சாயங்காலம் உனக்கு ஒரு விஷயம் சொல்லணும். இப்பக் கேக்காதே."

அக்காவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. 'கிட்டத்தட்ட' என்று சொன்னாயே, எவ்வளவு கிட்ட, எவ்வளவு தட்ட என்று எல்லார் முன்னாலும் கேட்கப் போகிறாள். குதிரைத் தலைக்குள் அவன் காது இரண்டும் கொதித்தன. அவள் கேட்பதற்குள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட வேண்டும். இடைவேளை விட்டதும் தலையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினான்.

"சார், எங்க ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம் போடணும். இல்லேன்னா இந்தத் தலையை இங்கயே வச்சுட்டுப் போயிடுவேன்!"

மேனேஜர் புருவத்தை உயர்த்தினார். "அந்தம்மாதான் அனுப்பிச்சாங்களா?"

தன் துணிச்சலை இன்னொருவர் கணக்கில் எழுத அவனுக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒற்றையாளாகப் பேசினால் எடுபடாது என்றும் தோன்றியது.

"எங்க ரெண்டு பேர் சார்பாவும்தான் சார் பேசறேன்."

"ஒரே சம்பளம். அவ்வளவுதானே? அது எவ்வளவா இருந்தாலும் சரியா?"

"எவ்வளவா இருந்தாலும் சரி சார். சமமா இருந்தா போதும்!"

"உன்னோடது குறைஞ்சா?"

அவன் நெஞ்சை நிமிர்த்தினான். வெல்வெட் கால்சட்டையோடு அது அவ்வளவாக எடுபடவில்லை. "குறையட்டும் சார்!"

மேனேஜர் எழுந்து வந்து கை குலுக்கினார். இத்தனை நாளில் அவர் கை குலுக்கியது அதுவே முதல் தடவை. "அப்போ அந்தம்மா இதுவரைக்கும் வாங்கினதே இனிமே ரெண்டு பேருக்கும். குதிரைக்கு வாய் முன்னாடிதானே இருக்கு. முன்பாதி சொன்னா சரிதான்."

கால் பங்குக்கு மேலேயே சம்பளம் போய்விட்டது. மனைவியிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆனாலும் பல நாள் கழித்து அன்றுதான் அவனால் தலை நிமிர்ந்து நடக்க முடிந்தது.

மாலை பின்னறையில் அக்கா வாய் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். கூடுதலாக வாங்கியது, பொய் சொன்னது, இடம் மாற்றியது, பணம் செருகியது, கடைசியில் மேனேஜரிடம் முழங்கியது என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினான்.

"இனிமே நீங்க வாங்கறதுதான்க்கா எனக்கும்!"

அக்கா முட்டி உறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கை பாதியில் நின்றது. அவனை ஏறிட்டுப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தான், திட்டவில்லை. அழுவாள் என்று நினைத்தான், அதுவும் இல்லை. பையிலிருந்து போனை எடுத்தாள்.

"அண்ணே, நான்தான் பேசறேன். காலையில லாண்டரி வேலையை விட்டுடறேன்னு சொன்னேன்ல? இல்லண்ணே. வந்துடறேன். இன்னிக்கே வந்துடறேன்."

உறையை மறுபடி முட்டியில் இழுத்து மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டு, நொண்டியபடி வெளியே போனாள்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. மூலையில் இருந்த தையல்காரம்மாவிடம் திரும்பினான்.

"ஏம்மா, அக்காவுக்குச் சந்தோஷமே இல்லையே?"

தையல்காரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"உன் சம்பளம் எவ்வளவுன்னு எப்படியோ தெரிஞ்சுக்கிட்டு, அதையே தனக்கும் போடணும்னு இன்னிக்குக் காலையிலதான் அவங்க சண்டை போட்டு வாங்கிட்டு வந்தாங்க. திரும்பறதுக்கு முன்னாடி நீ ரெண்டு தட்டு தட்டியிருக்கக் கூடாதாப்பா?"