ஆய்வேட்டில் ஓடிய பாலாறு

தும்மினால்கூட, அந்த ஜலதோஷம் யாரிடமிருந்து வந்தது என்று சொல்லிவிட்டுத் தும்முகிற ஒரே ஒருத்தியை எனக்குத் தெரியும். வேலூரில் நாங்கள் முதுகலை படித்தபோது விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டில். அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. எங்களுக்கு அவள் அடிக்குறிப்பு.

ஆய்வுக் கட்டுரைகளில் பக்கத்தின் கீழே பொடி எழுத்தில், இந்தத் தகவலை இன்ன இடத்தில் எடுத்தேன் என்று போடுவார்கள் அல்லவா, அதைப் பேச்சிலேயே போடுகிறவள் அவள். ஒரு ஜோக் சொல்வாள். நாங்கள் வாயைத் திறந்து சிரிப்பதற்குள், "இது என்னுது இல்ல. குடியாத்தம் பஸ்ல எனக்கு முன்சீட்டு அம்மா போன்ல சொல்லினு இருந்தாங்க" என்பாள். முகம் தெரியாத அந்த அம்மா நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டதும் பாதிச் சிரிப்பு போய்விடும்.

இந்த வியாதி ஊரிலேயே பிடித்தது. குடியாத்தத்தில் அவள் வீட்டில் லுங்கித் தறி ஓடுகிறது. அவள் அப்பா மண்டையை உடைத்துக்கொண்டு புதுக் கட்டம் ஒன்று போட்டு இறக்கினால், அடுத்த வாரமே பக்கத்துத் தெருவில் அதே கட்டம், வேறு லேபிளில் தொங்கும். "கேட்டா, கட்டம் இன்னா உங்க வூட்டு சொத்தான்றாங்க. சொத்துதான். யாரு கட்டம்னு ஒரு வார்த்த சொல்லிட்டு நெய்யட்டுமே, யாரு வேணான்னா?" என்று பொரிவாள்.

ஒரு மழைநாள், 'நாளை கல்லூரி விடுமுறை' என்று கைபேசிக் குழுவில் செய்தி வந்தது. விடுதியே கைதட்டியது. அடிக்குறிப்பு மட்டும், "யாரு சொன்னது?" என்று கிளம்பினாள். போட்டவள் ஒரு முதலாமாண்டுப் பெண்ணைக் கைகாட்டினாள். முதலாமாண்டு தன் அத்தை மகனைக் கைகாட்டியது. அத்தை மகன் எங்கோ தென்கோடியில், போன வருஷ மழைக்கு வந்த செய்தியைச் சும்மா தட்டிவிட்டிருந்தான். இதையெல்லாம் அவள் வந்து சொன்னபோது நாங்கள் போர்வைக்குள் இருந்தோம். மறுநாள் வகுப்புக்குப் போனது அவள் ஒருத்திதான். பேராசிரியர் அவளுக்காகவே முழுப் பாடத்தையும் நடத்தினாராம். அவள் குறிப்புகளுக்காக மாதம் முழுக்க அவளைக் கெஞ்சினோம்.

வார்டனையும் அவள் விடவில்லை. தாமதமாக வந்ததற்கு வார்டன் மூச்சுவிடாமல் திட்டி முடித்ததும், "மேடம், இது போன வருஷம் ஷீலாவத் திட்டினது. ஒரு வரி மாறல" என்றாள். வார்டனுக்குக் கோபம் வருவதற்கு முன்னால் யோசனை வந்துவிட்டது. அதன்பிறகு எங்களுக்கு விழுந்த திட்டெல்லாம் புதிதாக, சிரத்தையாகத் தயாரிக்கப்பட்டவை.

இப்படி எல்லோரையும் பேஜார் பண்ணிக்கொண்டிருந்தவளிடம்தான் எங்கள் அறையின் மூன்றாவது கட்டில், நஸ்ரீன், மாட்டினாள். ஆம்பூர்க்காரி. அவள் அம்மா, அவள் வாயில் 'அம்மி', அங்கே ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறவர். அதே கம்பெனியில் தொழிலாளர் நலப் பிரிவில் நஸ்ரீனுக்கு வேலை தயாராக இருந்தது. அந்தப் பருவத்திலேயே ஆய்வேடு தேறினால்தான் வேலை. காப்பியடித்தது என்று திரும்பி வந்தால், அம்மா மெஷினுக்கு இரண்டு வரிசை தள்ளிப் போட்டிருக்கும் அந்த நாற்காலி வேறு யாருக்காவது போய்விடும். ஷூ கம்பெனிப் பெண்களைப் பற்றித்தான் அவள் ஆய்வேடு. வெள்ளிக்கிழமை கொடுக்கவேண்டும்.

அதற்கு முந்தைய ஞாயிறு, ஊர்களுக்குப் போய்த் திரும்பிய நாங்கள் மூவரும் காட்பாடியில் இறங்கி டவுன் பஸ் ஏறினோம். நஸ்ரீன் பெருமையாக முன்னுரையைப் படித்தாள். "பாலாற்றில் ஆண்டு முழுவதும் வெள்ளம் கரைபுரண்டு ஓடுவதால், இப்பகுதியில் தோல் தொழில் செழித்தது."

பஸ் அப்போது பாலாற்றுப் பாலத்தின் நடுவில் இருந்தது.

"ஜன்னல்ல எட்டிப் பாரு" என்றாள் அடிக்குறிப்பு.

கீழே கண்ணுக்கு எட்டியவரை மணல். மணலில் கிரிக்கெட். "ஓடுறது இன்னா?" என்று கேட்டாள்.

நஸ்ரீன் பார்த்துவிட்டு, "பௌலர்" என்றாள்.

"யாரு சொன்னது கரைபுரண்டு ஓடுதுன்னு?"

"எல்லா ப்ராஜெக்ட்லயும் இருக்குதுடி. சீனியருங்க எழுதினது தப்பா இருக்குமா?"

வாரம் தவறாமல் அந்தப் பாலத்தைத் தாண்டுகிறவள் நஸ்ரீன். கண்ணால் பார்த்ததைவிட பைண்டு போட்டது பெரிது என்று நினைத்துவிட்டாள். பிறகு விசாரித்ததில், எங்கள் துறையில் அத்தனை பேருக்கும் அதே நினைப்புதான்.

மறுநாள் நூலகத்தில் பழைய ஆய்வேடுகளை இறக்கிப்போட்டு ஆற்றை எதிர்த்து நடந்தாள் அடிக்குறிப்பு. நாங்கள் தூசியில் தும்மிக்கொண்டே பின்னால் போனோம். போன வருஷ ஏட்டில், வெள்ளம் 'பெருக்கெடுத்து' ஓடியது. அதற்கு முந்தியதில் நீர் வெறுமனே 'ஓடியது'. இன்னும் பழையதில் 'இருக்கிறது'. அதற்கும் முன்னால் 'ஒரு காலத்தில் இருந்தது'. காப்பி பிடிக்கும் சாஃப்ட்வேருக்குப் பயந்து ஒவ்வொரு பேட்சும் ஒவ்வொரு சொல்லை மாற்றியிருந்தது. நிஜ ஆறு வற்ற வற்ற, எங்கள் துறை தண்ணீர் விட்டுக்கொண்டே வந்திருந்தது. இன்னும் இரண்டு பேட்ச் போயிருந்தால் ஆம்பூருக்குக் கப்பல் வந்திருக்கும்.

அடித்தட்டில் கிடந்த மூல ஏடு சொன்னது இதுதான்: 'ஒரு காலத்தில் பாலாற்றில் ஆண்டு முழுவதும் நீர் இருந்ததாகக் கரையோரப் பெரியவர்கள் சொல்கிறார்கள்.' யார் சொன்னது என்பது அதில் ஒழுங்காக இருந்தது. எழுதியவர் பெயரைப் பார்த்ததும் நஸ்ரீன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய கைடு. மாணவராக இருந்தபோது எழுதியது.

"செத்தேன். அவர் வரியவே திருடி அவர்கிட்டயே குடுக்கப் பாத்தேன். வேல போச்சு. அம்மி மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

அழத் தொடங்கிவிட்டாள். அடிக்குறிப்புக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. மற்றவர்கள் சொன்ன ஆறுதலைத் திருப்பிச் சொல்ல அவள் மனசாட்சி விடாது. அதனால் நேராக வேலைக்கு வந்தாள்.

"முன்னுரைய எடுத்துடு."

"எடுத்துட்டா மொத பக்கத்துல இன்னா போடுறது?"

"ஒருநா காலைல கம்பெனி வேன்ல பொம்பளைங்களோட போனியே, மூணாவது அத்தியாயத்துல ஒளிச்சு வச்சிருக்கியே, அத மொத பக்கத்துக்குக் கொண்டா."

"அதுக்கு ஆதாரம் எங்கடி போய்த் தேடுறது?"

"நீ போன, நீ பார்த்த, நீ கேட்ட. ஆதாரம் நீதான்."

நஸ்ரீன் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். கும்பலாக ஏறிய வேன், ஜன்னலோரச் சீட்டுக்கு நடக்கும் சண்டை, டிபன் பாக்ஸ்கள் கைமாறும் நேரம், மேஸ்திரியைப் பற்றிய கிண்டல் எல்லாம் முதல் பக்கத்துக்கு ஏறின. கடன் வாங்கிய வரி எங்கேயெல்லாம் தேவையோ, அங்கே கொடுத்தவர் பெயரும் ஏறியது. படித்துப் பார்த்த எனக்கு, பொறாமையாகவே இருந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூர்த் தேர்வாளர் ஒருவர் வந்தார். எங்கள் துறைக்குப் பல வருஷமாக வருகிறவர். முதல் பக்கத்தைப் புரட்டினார், திரும்பப் புரட்டினார். "பாலாறு எங்கம்மா? இந்த டிபார்ட்மென்ட் ஆய்வேடுன்னா மொத பக்கத்துல பாலாறு ஓடுமே?"

"வத்திப்போச்சு சார்" என்றாள் நஸ்ரீன்.

முதலில் சிரித்தது அவள் கைடுதான். "நான் படிக்கும்போதே வத்திடுச்சும்மா. என் பசங்கதான் விடாம ஓட்டினு இருந்தாங்க" என்றார். இத்தனை வருஷம் எல்லா முன்னுரைக்கும் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான் என்பதை யாரும் அங்கே எடுத்துச் சொல்லவில்லை. அடிக்குறிப்பு நல்லவேளையாக வெளியே வராந்தாவில் இருந்தாள்.

நஸ்ரீன் தேறினாள். வேலைக்குச் சேர ஆம்பூர் கிளம்பிய அன்று, காட்பாடி பிளாட்பாரத்தில் அடிக்குறிப்பின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ன மாதிரி ஒரு தோஸ்த் உலகத்துல யாருக்கும் கெடைக்காதுடி" என்றாள்.

"யாரு சொன்னது?" பழக்கதோஷம், வாய் முந்திவிட்டது.

"நான்தான். வேற எங்கயும் எடுக்கல."

அடிக்குறிப்பு கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். ரயில் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

இந்தக் கட்டுரையில் நீங்கள் சிரித்த இடங்களெல்லாம் அவளிடமிருந்து எடுத்தவை. அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்பது மட்டும் என் சொந்தச் சரக்கு.