மகள் ஒட்டுகிறாள், அப்பா விளக்குகிறார்

மன்னார்த் தீவின் பறவைகளை எண்ணியிருக்கிறார்கள், மீன்களை எண்ணியிருக்கிறார்கள். பிள்ளை படித்த படிப்பை ஊருக்கு விளக்கும் அப்பா என்ற இனத்தை மட்டும் யாரும் எண்ணவில்லை. எண்ணத் தொடங்கியவர் பாதியில் பயந்து நிறுத்தியிருப்பார். நமக்குக் கீரிக் கிராமத்து அமிர்தநாயகம் ஒருவர் போதும்.

அவருடைய மகள் செலீனா நோர்வேயில் ஆராய்ச்சி செய்கிறாள். உயிருள்ள கலத்தின், அதாவது செல்லின், மேற்பரப்பில் இருக்கும் புரதத்தில், கலம் சாகாமல், ஒரு சிறு இரசாயனத் துண்டை ஒட்டுகிறாள். அவள் சொன்னது இவ்வளவுதான். ஒரு ஞானஸ்நான வீட்டில் அப்பாவின் வாயில் இது "ஓடுற வள்ளத்துக்கு எஞ்சின் நிப்பாட்டாமல் பெயின்ற் அடிக்கிற வேலை" ஆனது. ஒரு செத்தவீட்டின் முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு பெயின்ற் அடித்த கலத்தை மருந்தே தேடிப் பிடித்தது. திருநாள் சாப்பாட்டில் இரண்டாம் தரம் சோறு வருவதற்குள் புற்றுநோய்க்கு மருந்து ஆயத்தம், போத்தலில் அடைப்பதுதான் பாக்கி. பொய்யா? சீச்சீ! ஒவ்வொரு தரமும் ஒரு சிறு துண்டுதானே ஒட்டினார்.

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பிரான்சிஸ்கா வந்து நின்றாள். அவள் புருசன் பஸ்ரியனுக்குத் தொண்டையில் புற்றுநோய்.

"அண்ணை, இவர் ரெண்டு தரம் கிளினிக்குக்குப் போகேல்லை. செலீனாட மருந்து வருமட்டும் பொறுப்பமாம். எப்ப வரும்?"

அமிர்தநாயகம் அந்த இடத்திலேயே மகளுக்குப் போன் எடுத்தார்.

"ஐயோ அப்பா! நான் தட்டில கிடக்கிற கலத்துக்கு ஒட்டுறன். அது மருந்தாக இருபது வருசமும் ஆகும், ஆகாமலும் போகும். பஸ்ரியன் மாமாவை உடனே கூட்டிக்கொண்டு போங்கோ!"

வெட்கத்தில் முகம் கறுத்து, வேலியைச் சுற்றிப் போகவும் பொறுமையில்லாமல் அதிலிருந்த ஓட்டைப் பொட்டுக்குள்ளால் நுழைந்து போனார்.

"பஸ்ரியன், நான் சொன்னது பிழை. மருந்து ஒண்டும் இல்லை. உடுப்பை மாத்து, போவம்."

வாழ்நாளில் அவர் தந்த மிகச் சிறிய விளக்கம் அது. கிளினிக்கில் டொக்டர் நன்றாக ஏசினார். இன்னும் காலம் கடக்கவில்லை என்றும் சொன்னார். அமிர்தநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மருந்து எடுக்கும் வரிசையில் பஸ்ரியனுக்குப் பக்கத்திலேயே இருந்தார்.

"உங்கட பிள்ளையள் என்ன செய்யினம்?" என்று பக்கத்து வாங்குப் பலகையில் இருந்தவர் கேட்டார். அமிர்தநாயகம் நிலத்தைப் பார்த்தார். கரகரத்த தொண்டையைச் செருமிக்கொண்டு பஸ்ரியன்தான் தொடங்கினான்:

"அண்ணைட மகள் நோர்வேயில... ஓடுற வள்ளம் ஒண்டை நினைச்சுக்கொள்ளுங்கோ..."

சிரிக்கிறீர்களா? கலத்தின் மேற்பரப்பைப் பற்றி இப்போது உங்களுக்கும் ஒரு வசனம் தெரியும். வருகிற சனிக்கிழமை எந்த வீட்டில் சாப்பாடு?