கத்தி எந்த வீடோ

தருமனின் இடது கையில் முழங்கைவரை ஒரு மயிர்கூட இல்லை. அது தீர்ந்துபோனதால் ஆடுசதைக்கு வந்திருந்தான். நெல் மண்டி வாசலில் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, கூர் பார்க்கக் கத்தியைக் காலில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தான். மயிர் பொலபொலவென்று உதிர்ந்தது.

“இன்னாண்ணா, முயலுக்கு முன்னாடி உன்னையே உரிச்சுக்குவ போலகீதே?” என்றான் மண்ணாங்கட்டி. அவனும் அதே மண்டியில் மூட்டை தூக்குகிறவன். புதுசாகக் கல்யாணம் ஆனவன்.

“சிரிக்காதடா. இந்த ஞாயித்துக்கிழமை கத்தி என் வீடு.”

எமர்ஜென்சி முடிந்த அந்த வருஷம் மல்லாட்டை, வேர்க்கடலைதான், நன்றாக விளைந்திருந்தது. வேங்கிக்கால் ஏரிக்கு அந்தாண்டைக் கொல்லைகளில் செடியைத் தின்று தின்று முயல்கள் கொழுத்துக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், மண்டி ஆட்கள் பதினோரு பேரும் ஒரு நாயோடு கிளம்பிவிடுவார்கள். நாய்க்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு. ஆனால் மரியாதை எல்லாம் கத்திக்குத்தான். தலையும் ஒரு தொடையும் கத்திக்காரனுக்கு. அதோடு, கத்தி எந்த வீடோ அந்த வீட்டில்தான் கறி வேகும். அத்தனை பேரும் அந்த வாசலில்தான் இலை போட்டு உட்காருவார்கள். தெருவே பார்க்கும்.

தருமன் இத்தனை வருஷமாகப் புதரில் கல்லெறிந்து முயலைக் கிளப்புகிற ஆள். அவன் இலைக்குச் சட்டி வருவதற்குள் கழுத்தெலும்பும் குழம்பும்தான் மிஞ்சியிருக்கும்.

போன மாசம்வரை கத்தி மேஸ்திரி ஆதிமூலம் வீட்டில்தான் இருந்தது. ஒரே ராத்திரியில் அது கரிக்கட்டைபோல் கறுத்து, அலகு அரித்துப்போயிற்று. ஏன் எப்படி என்று மேஸ்திரிக்கே விளங்கவில்லை. “எவன் கண்ணோ பட்டுடுச்சு. என் வீட்டுக்கு இனிமே கத்தி ஆவாது. தருமா, நீ ஒண்ணு எடு” என்று சொல்லிவிட்டார்.

தருமன் ஓட்டமாக ஓடித் தேரடிக் கடையில் பளபளவென்று ஒரு எவர்சில்வர் கத்தி வாங்கிவந்தான். மேஸ்திரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல மொகம் பார்த்து மீசை முறுக்கிக்கலாம். முயல் உரிக்க ஆவாது. லாரிப் பட்டை இரும்புல அடிச்சு வாங்குடா. ஒரு சாணுக்கு மேல போவக்கூடாது. முதுகு தடிப்பா இருக்கணும். மூக்கு மேல தூக்கினாப்பல இருக்கணும். கீழ குனிஞ்சிருந்தா வயித்தைக் கீறும்போது குடலைக் குத்திடும், கறி பூரா நாறிடும். புளியங்கட்டைல புடி போட்டு நூலு சுத்து, ரத்தத்துல வழுக்காது.”

அப்படியே செங்கம் ரோட்டுக் கொல்லர் பலராமனிடம் அடித்து வாங்கினான். வளர்க்கும் விதத்தையும் மேஸ்திரியே சொல்லிக்கொடுத்தார். ஈரக் கல்லில் பொறுமையாகத் தீட்ட வேண்டும். துடைத்து விளக்கெண்ணெய் பூச வேண்டும். உப்பு படவே கூடாது. சாணைச் சக்கரத்தில் கொடுத்தால் சூடேறிப் பதம் போய்விடும்.

அன்று சாயங்காலம் தருமன் இதையெல்லாம் ஒன்று விடாமல் பெண்டாட்டி சரசுவிடம் ஒப்பித்தான். சரசுவும் மண்டியில் நெல் புடைக்கிறவள். வாரம் பூராவும் முறத்தோடு குனிந்திருந்த முதுகைச் சுவரில் சாய்த்துக் கேட்டுக்கொண்டாள்.

“எத்தினி பேரு வருவாங்க?”

“பதினோரு பேரு.”

“நாயி?”

“அதுவுந்தான்.”

“வாராவாரமா?”

“வாராவாரம்! ஞாயித்துக்கிழமைதான் உனக்கும் மண்டி லீவாச்சே, எவ்ளோ தோதாக்கீது பாரு” என்று நெஞ்சை நிமிர்த்தினான் தருமன்.

“சந்தோஷங்க” என்றாள் சரசு.

புதன்கிழமை திடீரென்று விழுப்புரம் லோடு வந்தது. லாரியில் ஏறும்போதுதான் கத்தியைத் தீட்டாமல் போட்டுவிட்டது தருமனுக்கு ஞாபகம் வந்தது. மண்ணாங்கட்டியைக் கூப்பிட்டான்.

“டேய், உங்க அண்ணிகிட்ட ‘கத்தி தீட்டு’ன்னு நான் சொன்னதா சொல்லிடுடா.”

மண்ணாங்கட்டி ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் போய்ச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை தருமன் திரும்பிவந்து கூரை எரவாணத்தைத் தடவினான். கத்தி இல்லை. அடுப்பு மூலையில் ஒரு சட்டி இருந்தது. அதில் மஞ்சள் தண்ணீர், மேலே வேப்பிலை. கையை விட்டான். அடியில் கல்லுப்பு நறநறத்தது. உப்புக்குள் கத்தி, உடம்பெல்லாம் சொறி பிடித்ததுபோல் துருப்பூத்துக் கிடந்தது.

“அடியேய்! இன்னாடி இது?”

“நீங்கதான கத்தி தீட்டுன்னு சொல்லி அனுப்பிச்சீங்க. யாரு தொட்டாங்களோ, எந்தச் சாவு வீட்டுக்குப் போச்சோன்னு பதறிப்போயி மஞ்சளும் உப்பும் போட்டு ஊற வெச்சேன்.”

“தீட்டுன்னா கல்லுல தீட்டறதுடி!”

“ஐயோ! அப்படியா?” சரசு வாயைப் பொத்திக்கொண்டாள். முந்தானை கண்ணுக்குப் போயிற்று. “எல்லாம் என்னாலதான். எனக்கு இன்னா தெரியும்...”

தருமனுக்கு மனசு கேட்கவில்லை. “சரி வுடு, அழுவாத. துருதான, தேச்சா போயிடும்” என்று அவனே தேற்றினான்.

தேற்றியவனிடம் சரசு உடனே செங்கல்தூளை எடுத்து நீட்டினாள். “பாத்திரம் தேய்க்கறதுதாங்க. நல்லா அழுத்தித் தேயுங்க.”

அழுத்தித் தேய்த்தான். துரு போயிற்று. கூடவே கூரும் போயிற்று. ஆடுசதையில் வைத்து இழுத்தான். மயிர் அசையவில்லை, தோல்தான் சிவந்தது.

“தேர் நிக்கற தெருவுல சைக்கிள் சாணைக்காரரு வந்துகீறாருங்க” என்றாள் சரசு.

“சக்கரம் ஆவாதுன்னு மேஸ்திரி சொன்னாரே.”

“லேசா, ஒரே சுத்து. யாருக்குத் தெரியப்போவுது?”

சாணைக்காரர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு ஏறி மிதித்தார். கார்த்திகை மாசத்து மத்தாப்புபோல் பொறி பறந்தது. தெருப்பிள்ளைகள் கைதட்டினார்கள். அவரும் மனுஷன்தானே, உற்சாகம் ஜாஸ்தியாகி ஒரு சுற்றுக்குப் பதில் வயிறார மிதித்தார். கத்தி பாதியாக இளைத்து, ஓரமெல்லாம் நீலம் பாரித்துக் கைக்கு வந்தது. தருமன் அதை ஒரு சணல் கயிற்றில் வைத்து அறுத்தான். அலகு மடங்கிக்கொண்டது.

“பதம் போச்சுடி” என்று திண்டாடிப்போய் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். “நாளைக்கு மறுநாள் ஞாயித்துக்கிழமை. பதினோரு பேரு முன்னாடி எம் மானம் போவப்போவுது.”

சரசு சுடச்சுடச் சோறு போட்டாள். “மனச வுடாதீங்க. அடிச்சவருகிட்டயே எடுத்துகினு போங்க. திரும்ப ஒருவாட்டி நல்லாப் பழுக்கக் காய்ச்சித் தண்ணில முக்கச் சொல்லுங்க.”

என்ன அக்கறை, என்ன அக்கறை! தன் மானத்துக்காக இந்தப் பாடு படுகிற பெண்டாட்டி தெருவில் வேறு எவனுக்கு வாய்த்திருக்கிறாள் என்று தருமன் பூரித்துப்போனான். இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டான்.

சனிக்கிழமை பலராமன் கத்தியை வாங்கி, மோந்து பார்க்காத குறையாகப் பார்த்தார். “இன்னாய்யா, என் கத்தியப் பட்டினி போட்டியா? இவ்ளோ இளைச்சுப்போச்சு. இதத் திரும்ப உலைல வெச்சா ரெண்டுல ஒண்ணுதான். ஒண்ணு நிக்கும், இல்லன்னா கண்ணாடியாப் பூடும்.”

“வெய்யுங்க.”

வைத்தார். சுர்ரென்று தண்ணீரில் இறக்கினார். இந்தத் தடவை மயிர் வழித்தது. தருமன் அவரைக் கும்பிட்டு, விளக்கெண்ணெய் பூசி, துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்கிவருவதுபோல் கொண்டுவந்தான்.

ஞாயிறு விடிந்ததும் கிளம்பினார்கள். நாய் ஒரு மல்லாட்டைக் கொல்லையைக் கலக்கியது. நல்ல கிடா முயல், நேராக வலையில் வந்து விழுந்தது. மேஸ்திரி அதன் கழுத்தைத் திருகிப் பாறையில் போட்டார். எல்லாரும் வட்டமாக நின்றார்கள்.

“கத்திக்காரன் வாடா!”

தருமன் மண்டிபோட்டான். துணியைப் பிரித்தான். பின்னங்கால் மூட்டில் கத்தியை வைத்து அழுத்தினான்.

டிக்.

அலகு ஒரு பக்கம், பிடி ஒரு பக்கம். முயல் முழுசாகக் கிடந்தது. நாய்கூடத் தருமனைத்தான் பார்த்தது.

மேஸ்திரி உடைந்த துண்டை எடுத்தார். துருக்குழியையும் கீறலையும் நீலத்தையும் விரலால் தடவினார். “ஏண்டா, இத ரயிலு ரோட்டுல வெச்சு எடுத்தியா? நான் செய்யக்கூடாதுன்னதுல ஒண்ணயாச்சும் செய்யாம வுட்டியாடா நீ?”

மண்ணாங்கட்டி இடுப்பு வேட்டியைத் தடவி, பாக்கு வெட்டுகிற பேனாக்கத்தியை எடுத்தான். சின்னதுதான், ஆனால் மூக்கு மேலே தூக்கியிருந்தது. கால் மூட்டைச் சுற்றி ஒரு கோடு போட்டு, சட்டை கழற்றுவதுபோல் தோலை உரித்து எடுத்துவிட்டான்.

“பார்றா! இனிமே கத்தி மண்ணாங்கட்டி வீடு” என்றார் மேஸ்திரி. மற்றவர்கள் விசில் அடித்தார்கள். தருமன் கல்லைப் பொறுக்கிக்கொண்டு புதர்ப்பக்கம் போனான்.

அன்று கறி மண்ணாங்கட்டி வீட்டில் வெந்தது. தருமன் இலைக்குக் கழுத்தெலும்பு வந்தது. அதைச் சப்பிப் போட்டுவிட்டு, கை கழுவத் தெருமுனை அடிபம்புக்கு நடந்தான். பம்புக்கு முன்னால் குட்டிச்சுவர். அந்தப் பக்கம் பெண்கள் பேச்சு கேட்டதால் நின்றான்.

மண்ணாங்கட்டியின் புதுப் பெண்டாட்டி உண்ணாமலை, குண்டான்களைக் குன்றுபோல் குவித்துவைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் கரி. அவசர அவசரமாக அத்தனை பேருக்கும் மசாலா அரைத்த தோளைத் தூக்க முடியவில்லை. பக்கத்தில் சரசு சாவகாசமாகப் பம்பு அடித்துக்கொடுத்தாள். அவள் முகம் அலம்பிப் பூ வைத்திருந்தாள். மேஸ்திரி பெண்டாட்டி ஜோதியம்மாள் குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் கை ஊன்றி நின்றிருந்தாள்.

“வாராவாரமும் இதானாமேக்கா?” உண்ணாமலைக்கு அழுகை முட்டியது. “பதினோரு பேருக்கும் நானே ஆக்கிக் கொட்டணுமாமே?”

ஜோதியம்மாள் குனிந்து அவள் கன்னத்துக் கரியைத் துடைத்துவிட்டாள்.

“அழுவாதடி. சரசு உப்பு போட்டா, அதான் ஒரு வாரம் இழுத்துடுச்சு. நான் புளி போட்டேன், ஒரே ராத்திரி.”