கோடியோடு வந்த மச்சானுக்கு

பழங்காநத்தம், மதுரை.
9-11-86

பேரையூர் மச்சான் காளை அவர்கள் சமூகத்துக்கு விருமாண்டி கும்பிட்டு எழுதிக்கொள்வது. தங்கள் சுகத்தை மீனாட்சி பார்த்துக்கொள்வாளாக. என் சுகத்தைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. நான் சுகமாக இருப்பதுதானே இப்போது தங்களுக்குக் கோபம்.

மச்சான், போன வெள்ளிக்கிழமை நடந்தது எதையும் நான் ஏற்பாடு பண்ணவில்லை. நான் பாட்டுக்கு ஆபீசில் இருந்தேன். இங்கே என் மகன் சங்கிலிப் பய டேப் ரிக்கார்டரில் இங்கிலீஷ் பாட்டைப் போட்டுக்கிட்டு, கூடவே கத்தியிருக்கான். எதிர்வீட்டு ராமக்காள் அதைக் கேட்டு எழவு விழுந்திருச்சுன்னு தலையை விரிச்சுப் போட்டு ஓடியாந்து, உங்க தங்கச்சி செல்லத்தாய் கழுத்தைக் கட்டிக்கிட்டு ஒப்பாரி வச்சிருக்கு. நம்ம பொம்பளைக முதல்ல அழுதுட்டுத்தானே அப்புறம் ஆளைக் கேப்பாக. இவளோ, ராமக்காள் வீட்டுலதேன் எழவுன்னு நெனைச்சுப் பதிலுக்கு அழுதிருக்கா. தெருவே கூடிருச்சு. எனக்குத்தான் ஆடியில நெஞ்சுவலி வந்துச்சே, அதனால போனது நாந்தேன்னு அவுகளா முடிவு கட்டி, பேரையூர் பஸ்ஸுல ஆள் அனுப்பிட்டாக.

சாயங்காலம் நான் சைக்கிள்ல வந்து இறங்குறேன், வாசல்ல பந்தலுக்கு மூங்கில் ஊண்டுறாய்ங்க. யாருக்குப்பான்னு கேட்டேன். மூங்கில் ஊண்டுன ஆளு என்னையப் பாத்ததும் மூங்கிலைப் போட்டுட்டு ஓடிட்டான். நீங்க உங்க தங்கச்சி தாலியறுக்கப் போடுற கோடிச்சேலையைத் தாம்பாளத்துல ஏந்திக்கிட்டு நிக்கிறீக. உயிரோட இருக்கறதுக்கு நான் வெக்கப்பட்டது அன்னிக்குத்தான் மச்சான். "கோடியோட வந்த வாசலுக்கு இனிப் பரிசத்தோட எப்படிய்யா வாரது?"ன்னு கேட்டுட்டு வேன்ல ஏறிப் போயிட்டீக. தையில உங்க மகன் வீரணனுக்குன்னு பேசி வச்ச எம்மக பாண்டியம்மா, அன்னையிலருந்து சோறு தண்ணி இல்லாமக் கெடக்கா. அவ மூஞ்சியைப் பாக்க முடியல.

அது எழவுச் சத்தம் இல்லைன்னு நிரூபிக்கணுமேன்னு அந்தக் கேசட்டுகளை முழுசாக் கேட்டேன். என் தலையெழுத்து. டியோன்னு ஒரு பாட்டுக்காரர், ஆள் ரொம்பக் குட்டையாம், குரல் மட்டும் பனை உசரம். அடிவயித்துலருந்து எடுக்குறாரு, ஒரு எழுத்தை முழுங்க மாட்டாரு, அர்த்தம் தெரியாட்டியும் யாரையோ எச்சரிக்கிறாருன்னு தெரியுது. டிக்கின்சன்னு இன்னொருத்தர் நீட்டுறாரு நீட்டுறாரு, எங்க மூச்சு விடுறாருன்னு நான் பாத்துக்கிட்டே இருந்து எனக்குத்தான் மூச்சு முட்டிப் போச்சு. மூணாவது ஹால்ஃபோர்டு. கீழ உறுமிக்கிட்டே இருந்த மனுசன் சொல்லாமக் கொள்ளாம உச்சிக்குப் போயி, அரிவாளைச் சாணை பிடிக்கிற மாதிரி அங்கயே நிக்கிறாரு. அன்னிக்குத் தெருவைக் கூட்டுனது அந்த உச்சிதான். அதுல அழுகை ஒரு பொட்டுக்கூடக் கெடையாது மச்சான், கவனிச்சுக் கேட்டாத் தெரியும். மத்தபடி எனக்கு இந்தப் பாட்டெல்லாம் சுத்தமாப் பிடிக்கல.

சங்கிலியை நல்லா வெளுத்து வில்லாபுரத்துல சித்தப்பன் வீட்டுக்கு அனுப்பிட்டேன். டேப்பைப் பூட்டிட்டேன். அவன் செஞ்ச தப்புக்கு எம்மகளைத் தண்டிக்காதீக. பாண்டியம்மா வாயில்லாப் பூச்சி, அவ பேசுனா அடுத்து நிக்கிறவளுக்கே கேக்காது. ஒங்க குடும்பத்துல அவளால ஒரு சத்தம் வராது. நீங்க வாசப்படி மிதிக்க மாட்டீகன்னா, பரிசத்தைக் கொல்லைப்பக்கமாக் கொண்டாங்க, செவுத்தை இடிச்சு வாசல் வைக்கிறேன்.

சோணையம்மாள் அக்காவுக்கு என் கும்பிடு. பிள்ளைகள் எல்லாரும் நல்லா இருக்கணும், உங்க காட்டுல மழை பெய்யணும்.

இப்படிக்கு,
தங்கள் கோபம் தணியக் காத்திருக்கும்
விருமாண்டி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போற நேரம் உங்க மகன் வீரணன் வந்து நிக்கிறாரு. பாண்டியம்மா அவருகிட்ட நெசத்தைச் சொல்லிட்டா. அன்னிக்கு அந்த உச்சியில ஏறிக் கத்துனது சங்கிலி இல்லையாம், இவளாம். செல்லத்தாய்க்கும் தெரியுமாம், கல்யாணம் நின்னுரும்னு மறைச்சிருக்கா. அந்தப் பய வாயைத் திறக்காம அம்புட்டு அடியையும் வாங்கியிருக்கான். உங்க மகனோ, கட்டுனா இவளைத்தான் கட்டுவேன், அந்தச் சத்தத்தை இப்பக் கேக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. கத்திக் காமிச்சா. மச்சான், சொல்ல வெக்கமா இருக்கு, அந்த வெள்ளைக்காரனை விட எம்மக நல்லாத்தேன் கத்துறா.