அலுமாரிக்குள் இருந்த ஆம்பிளைக் குரல்

"…கோபிக்கமாட்டன் தம்பி. முகத்தைக் காட்டவும் வேண்டாம். பேரை மட்டும் சொல்லும், எழுதிக்கொண்டு போறன்," என்று கெஞ்சிக்கொண்டிருந்தார் மகேசன் அங்கிள். அவர் கதைத்துக்கொண்டிருந்தது எங்கள் அலுமாரியோடு.

அலுமாரி பதில் சொல்லவில்லை. உள்ளே அம்மாவின் சேலைகளும் ஒரு றேடியோவும்தான் இருந்தன என்பது அந்த அறையில் நின்ற மூன்று பேரில் எனக்கு மட்டுமே தெரியும்.

யுத்த காலம். கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் சின்ன ஒழுங்கை ஒன்றில், மகேசன் அங்கிளின் வீட்டு மேல்மாடியை நானும் அம்மாவும் வாடகைக்கு எடுத்திருந்தோம். கனடாவிலிருந்த அண்ணா கூப்பிடும்வரை காத்திருப்பதுதான் எங்கள் உத்தியோகம். யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்த பட்டியல் ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும். எங்களுடையதில் இரண்டே பெயர், இரண்டும் பெண்கள். அடியில் வீட்டுக்காரரின் கையெழுத்து. பட்டியலில் இல்லாத ஒருவர் அகப்பட்டால் அவரும் உள்ளே, நாங்களும் உள்ளே, கையெழுத்து வைத்தவரும் உள்ளே. 'மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம்' என்பார்கள். அதைச் சொன்ன மனிதர் அந்த நாட்களில் கொழும்பில் குடியிருந்தவர் அல்ல.

இந்த நிலைமையில்தான் எனக்கு இசைப் பைத்தியம் பிடித்தது. (வயது பத்தொன்பது. வேறு வேலையும் இல்லை.) அண்ணா அனுப்பிய பாட்டுக் கசற் ஒன்றில் யாரோ ஒரு வெள்ளைக்காரன், சீமெந்தில் தகரத்தை இழுப்பதுபோலப் பாடியிருந்தான். அப்படியொரு குரல் தமிழுக்கு இல்லையே என்று நான் கவலைப்பட்டேன். தமிழ் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. என் சொந்தக் குரலோ கோழிக்குஞ்சின் குரல்.

ஒருவரும் சொல்லித்தராமல் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஹெட்போனை மைக் குத்துகிற ஓட்டையில் குத்தினால், கேட்கிற சாமான் பேசுகிற சாமானாகிவிடும். அதை வாயோடு வைத்துக் கத்தினால் எங்கள் பெரிய கசற் றேடியோ தாங்கமாட்டாமல் குரலைப் பிய்த்துப் பிய்த்துப் பதியும். பிறகு அந்தக் கசற்றை அம்மாவின் சின்ன றேடியோவில் போடவேண்டும். அதிலே சாகக் கிடக்கிற பற்றரி இருக்கவேண்டும். ஊரெல்லாம் புதுப் பற்றரி தேட, நான் செத்த பற்றரி தேடித் திரிந்தேன். அது கசற்றை மெதுவாகச் சுற்றும், கோழிக்குஞ்சு கடாமாடாகிவிடும். அதைப் பெரிய றேடியோவில் திரும்பப் பதிந்தால் வேலை முடிந்தது. பஸ் சத்தமும் ரயில் சத்தமும் கேட்காமலிருக்க, எல்லாவற்றையும் அலுமாரிக்குள் சேலைகளுக்கு நடுவில் வைத்துச் செய்தேன்.

அம்மா வெளியே போகும் நேரம் பார்த்து மூன்று நாள் நடந்தது இந்தத் திருப்பணி. அந்த மூன்று நாளும், கீழே ஒரு மனிதர் மேலேயிருந்து ஓர் ஆம்பிளையின் குரல் வருவதைக் கேட்டுச் சோறிறங்காமல் இருந்திருக்கிறார்.

நாலாம் நாள் பின்னேரம், முடித்த பாட்டை அலுமாரிக் கதவைச் சாத்திவிட்டு, தூரத்திலிருந்து கேட்டால் எப்படியிருக்கும் என்று ரசித்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போனது. குரல் நின்றது. அம்மா சந்தையால் வந்து பையை வைக்கவும், பட்டியலும் பேனையுமாக மகேசன் அங்கிள் படியேறவும் சரியாக இருந்தது.

"அங்கிள், அது நான்தான்."

"பிள்ளை, நான் முப்பது வருஷம் ஒஃபிசில கிளாக்கா இருந்தனான். ஆம்பிளைக் குரலும் பொம்பிளைக் குரலும் எனக்குத் தெரியும்."

"திறந்து காட்டுறன், பாருங்கோ."

"ஐயோ, திறக்காதை. கண்டால் நான் சாட்சி. காணாட்டி வெறும் வீட்டுக்காரன்." அவரது குரலே கொஞ்சம் மெல்லிசு, நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பார்ப்பதுபோல.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றா. மகள் அலுமாரிக்குள் ஓர் ஆம்பிளையை வைத்திருக்கிறாள் என்ற செய்தியில், பொலிஸ் அவவுக்கு இரண்டாம் பட்சம். "எத்தினை நாளா?" என்று மட்டும் கேட்டா.

நான் வாயைத் திறக்க முன்னம் கீழே கேற் திறக்கும் சத்தம் கேட்டது. பூட்ஸ் படியேறியது.

வந்தது ஒரு பொலிஸ் சாஜனும், துவக்கோடு ஒரு கொன்ஸ்டபிளும். கொன்ஸ்டபிளுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். சாஜன் பட்டியலை வாங்கினார். அடையாள அட்டைகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், எண்ணினார். இரண்டு. கட்டிலுக்குக் கீழே பார்த்தார், குளியலறையைப் பார்த்தார். மகேசன் அங்கிள் தன்னையறியாமல் அலுமாரியில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். (ஒன்றுமில்லாத அலுமாரியையும் சந்தேகப்பட வைக்கிற நிலை அது.) சாஜன் பட்டியலைத் திருப்பிக் கொடுத்தார். வாசலுக்குப் போய்விட்டார். ஒரு கால் முதல் படியில்.

கரண்ட் வந்தது.

ஃபேன் சுற்றியது. றேடியோவில் நான் அமத்திய பிளே கட்டை அமத்தியபடியே இருந்தது. மகேசன் அங்கிளின் முதுகுக்குப் பின்னால், கிணற்றுக்குள்ளிருந்து எழும்புவதுபோல அந்தக் குரல் கிளம்பியது.

"வருவேன்… நான் வருவேன்…"

துவக்கு அலுமாரியைப் பார்த்துத் திரும்பியது. நடுவில் மகேசன் அங்கிள். அவர் கண்களை இறுக்கி மூடிக்கொண்டார், அப்போதும் சாட்சியாகிவிடாமல்.

"எளியட்ட வரெங்," என்றார் சாஜன். வெளியே வா என்று அலுமாரிக்கு உத்தரவு.

"கூரையெல்லாம் அதிர வருவேன்… விளக்கெல்லாம் அணைய வருவேன்…"

அது மழை பேசுவதாக நான் எழுதிய பாட்டு. மழை என்ற சொல் மூன்றாவது அடியில்தான் வரும். என் கவித்துவத்தைச் செருப்பால் அடிக்கவேண்டும் என்று முதன்முதலாகத் தோன்றியது அப்போதுதான்.

"மொகத கியன்னே?" என்ன சொல்கிறான் என்று சாஜன் கேட்டார். கொன்ஸ்டபிள் கண்ணை எடுக்காமல் வரிவரியாகச் சிங்களத்தில் சொன்னான். வருகிறானாம். கூரை அதிருமாம். விளக்கு அணையுமாம். எந்தக் கூரை, எப்போது என்று சாஜன் கேட்டது எனக்கே விளங்கியது.

அம்மா என் கையைப் பிடித்தா. "உண்மையா ஆள் இல்லைத்தானே?" என்று காதுக்குள் கேட்டா. அந்தக் கை இல்லாவிட்டால் நான் அசைந்திருக்கமாட்டேன். இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு போய், அங்கிளை இடுப்பால் தள்ளிவிட்டு, கால் பெருவிரலால் கதவைத் திறந்தேன். நீலக் காஞ்சிபுரத்தின் மடியில் இருந்துகொண்டு றேடியோ அதிர்ந்துகொண்டிருந்தது.

சாஜன் அதை நிற்பாட்டினார். துவக்கு இறங்கவில்லை. "இந்த ஆள் எங்கே?"

"மகே கடஹண்ட, சேர்." என்னுடைய குரல் என்று கீச்சிட்டேன். கீச்சிட்ட குரலே எனக்கு எதிரான சாட்சியாக இருந்தது.

செய்து காட்டு என்றார். ஹெட்போனைக் குத்தினேன், புதுக் கசற் போட்டேன், வாயில் வைத்தேன். காற்றுத்தான் வந்தது. இரண்டாம் தரமும் காற்று. "கத்து," என்றா அம்மா, பாட்டு வாத்தியார்போல. கத்தினேன். கசற்றைச் சின்ன றேடியோவில் போட்டேன். பற்றரி அன்றைக்கென்று முழுதாகச் சாகாமலிருக்கவேண்டுமே என்று எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். கடாமாடு உறுமியது.

சாஜன் இன்னும் நம்பவில்லை. கசற்றில் முதலே பதிந்திருக்கலாமாம். சுற்றிப் பார்த்துவிட்டு, விரலை மகேசன் அங்கிளிடம் நீட்டினார். "நீ பேசு."

அங்கிளுக்கு அந்த நிலையில் ஒரே ஒரு வசனம்தான் நினைவில் இருந்தது. ஹெட்போனைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டே ரெண்டு பேர்தான் சேர், ரெண்டே ரெண்டு பேர்தான்," என்று சீவாளி ஊதினார். சின்ன றேடியோவில் திருப்பிப் போட்டபோது ஒரு ராட்சதன் அதையே சொன்னான். கொன்ஸ்டபிள் துவக்கை இறக்கிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. சாஜன் சிரிக்கவில்லை. மழைப்பாட்டுக் கசற்றைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "பைத்தியம்," என்று நல்ல தமிழில் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

எனக்குக் கலியாணமாகி இவ்வளவு வருஷமான பிறகும், என் கணவரை எங்கே காணோம் என்று யாராவது கேட்டால், "அலுமாரிக்குள்ள பாருங்கோ," என்பா அம்மா. மருமகனும் சிரித்துப் பழகிவிட்டார்.

அன்று பின்னேரம் எங்கள் மூவரில் ஒருவரும் சிரிக்கவில்லை. அங்கிள் வீட்டை விடச் சொல்லப் போகிறார் என்று நாங்கள் இருவரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மகேசன் அங்கிள் ஜன்னலடியில் நின்று, பொலிஸ்காரர் பெரிய தெருவுக்குத் திரும்பும்வரை பார்த்தார். ஜன்னலைச் சாத்திக் கொக்கியும் போட்டார். பிறகு அலுமாரிக்கு முன்னால் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, ஹெட்போனை எடுத்தார்.

"பதியிற கட்டையை அமத்து, பிள்ளை."

தொண்டையைச் செருமினார். "டேய், இனிமேல் என்ர வீட்டுப் படியில கால் வைச்சால் தெரியும்," என்றார். கசற்றைத் தானே மாற்றிப் போட்டார். சத்தத்தைக் கடைசி மட்டும் குறைத்துவிட்டு, காதை ஸ்பீக்கரோடு ஒட்டி வைத்து, அதை மூன்று தரம் கேட்டார்.