இரண்டும் இருபத்தாறும்

எங்கள் ஊர் காஜா பெராங்கில் கழித்தல் ஐயாவிடம் வயதைச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவர் ஒருவர்கூடக் கிடையாது. அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். முடிதிருத்தும் கடை வாசலில் தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது தொழில். உயிர் மட்டும் கழித்தல் கணக்கில் இருந்தது.

கல்யாண வீட்டுக்குள் நுழைந்ததும் மாப்பிள்ளையின் வயதைக் கேட்பார், பெண்ணின் வயதைக் கேட்பார், கழிப்பார். மலாய் பேசும் சிட்டித் தமிழர் வீடுகளில் மலாயில் கேட்டுத் தமிழில் கழிப்பார். விடை பத்தைத் தாண்டினால் சோற்றில் கை வைக்காமல் எழுந்துவிடுவார். பாயசத்தை மட்டும் குடிப்பார். அது பெண்ணுக்கு ஆறுதலாம். ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில் ஒரு மாப்பிள்ளை பயந்துபோய் ஐந்து வயதைக் குறைத்துச் சொன்னாராம். ஐயா நிதானமாக, "முடிக்கு மை பூசினீங்க, சரி. கணக்குக்குமா பூசுவீங்க?" என்றார்.

மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் பெற்ற வருடம் எனக்குப் பதினைந்து வயது. பக்கத்துத் தெரு சேகரனுக்குப் பதினேழு. ஒருநாள் பள்ளி விட்டதும் இருவரும் பஸ் ஏறித் தெங்கேராவுக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் வாங்கித் தந்த ஐஸ் உருகி என் கையெல்லாம் சிவப்பானது. நடந்தது அவ்வளவுதான். இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிட்டோம். செய்தி எங்களுக்கு முன்னால் வந்து காத்திருந்தது.

அப்பா லாரி ஓட்டுநர். மறுநாள் காலை என் கையைப் பிடித்து ஐயாவிடம் இழுத்துப்போனார். அவருக்கு இரண்டு காகிதங்கள் வேண்டியிருந்தன. ஒன்று, மைனர் பெண்ணைக் கடத்தியதாகச் சேகரன்மீது போலீஸ் புகார். மற்றது, எனக்கு வயது பதினெட்டு என்று ஒரு சத்தியப் பத்திரம். செங் ஊர்ப் பக்கம் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி ஒருவர், மனைவியை இழந்தவர், என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்திருந்தார். ஜப்பான்காரன் காலத்தில் பிறந்த எனக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. அப்பா சொல்வதுதான் என் வயது.

ஐயா தாளைத் தொடவில்லை. கிராணிக்கு என்ன வயது என்று கேட்டார். நாற்பத்தொன்று என்றார் அப்பா.

"ஒரு காகிதத்துல பிள்ளைக்குப் பதினைஞ்சு, இன்னொண்ணுல பதினெட்டு. இந்த மேசை மேலயே மூணு வயசு ஏறிடுச்சா?"

ஐயா பென்சிலை அப்பா பக்கம் நகர்த்தினார்.

"நீயே கழிச்சுப் பாருப்பா. ரெண்டு வந்தா ஜெயிலு, இருபத்தாறு வந்தா மாலையா?"

"சட்டம் அப்படித்தானே இருக்கு, ஐயா."

"அப்ப சட்டத்துமேலதான் மனு எழுதணும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற?"

அதுவரை அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. பள்ளிக்கூடம் போகணும் என்றேன். அப்பா என் கையை விட்டார். விரல் பதிந்த இடம் வெகுநேரம் வலித்தது.

காகிதம் எதுவும் இல்லாமல் வீட்டுக்கு வந்தோம். அடுத்த திங்கட்கிழமை அப்பா என் புத்தகப் பையைத் தானே எடுத்துவந்து நீட்டினார். சேகரன் படிப்பை முடித்துச் சிங்கப்பூர் போனான். அதன்பின் நான் அவனைப் பார்க்கவில்லை.

ஐயா சொன்னபடி மனு எழுதினார். சட்டம் வயதை மட்டும் பார்த்தால் போதாது, இரண்டு வயதுக்கும் நடுவே உள்ள தூரத்தையும் பார்க்க வேண்டும் என்று மாநிலச் சட்டமன்றத்துக்கு மூன்று பக்கம். கடிதம் கிடைத்தது என்று ஒரு வரியில் பதில் வந்தது. சட்டமே திருந்திவிட்டதுபோல அதை முடிவெட்ட வந்தவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினார். கத்தரிக்குக் கீழே தலையைக் கொடுத்தவர்கள் எங்கே ஓட முடியும்? அதன்பிறகும் வருடத்துக்கு ஒரு மனு போனது. அவர் இருந்தவரை சட்டம் அசையவில்லை.

அன்றைக்குப் பிறகு அப்பா ஐயாவோடு ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. எதிரே வந்தால் சாலையைக் கடந்துவிடுவார். பல வருடம் கழித்து, நான் ஈப்போவில் நர்ஸாக இருந்தபோது அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. இரண்டே வரி.

"நம்ம ஐயா தவறிட்டாரு. கடைசி மூணு நாளும் நான்தான் கஞ்சி ஊட்டினேன்."