ஒன்பது கோடியும் ஒரு கோல்கீப்பரும்

பேரன்புக்கும் பெருந்தொப்பைக்கும் உரிய மாமாவுக்கு,

வீட்டுக்காவலில் இருக்கும் மருமகன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சுகம், என்னைக் கழித்துவிட்டுப் பார்த்தால்.

மேல்வீட்டு அழைப்பு மணியின் கம்பியையும் எங்கள் மணியின் கம்பியையும் மாற்றிப் பிணைத்தேன். அவர்களைத் தேடி வந்தவர்களுக்கெல்லாம் அப்பா கதவைத் திறந்து திறந்து ஓய்ந்துபோனார். இதற்கு ஓர் அறை கொடுத்திருந்தால் கணக்கு முடிந்திருக்கும். ஆனால் காப்பீட்டு அலுவலகத்தில் ஒரே நாற்காலியைப் பல வருடமாகத் தேய்க்கும் உங்கள் மச்சான், ஒரு துண்டுத்தாளில் 9,00,09,991 என்று எழுதி நீட்டினார்.

"இதை மிச்சமில்லாம வகுக்கிற நம்பரைக் கண்டுபிடி. அதுக்கப்புறம் வாசலைத் தாண்டு. ஒண்ணால வகுத்தேன், அதாலயே வகுத்தேன்னு வந்து பல்லைக் காட்டாத."

என்றோ அவர் மேசைக்கு வந்த பாலிசி எண் அது. மதிய இடைவேளையெல்லாம் இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று கீழிருந்து வகுத்துக்கொண்டே போய், "பகா எண்டா இது! எல்லாத்தாலயும் வகுத்தாச்சு. யாருக்கும் வகுபடாது, என்னை மாதிரி" என்று விருந்தாளிகளிடமெல்லாம் அளப்பாரே, உங்களிடமும் அளந்து, நீங்கள் சிரித்து, இரண்டு பேரும் பேசாமல் போனீர்களே, அதேதான். ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருக் கால்பந்து அணிக்கு இறுதி ஆட்டம், கோலுக்கு நான்தான் என்று தெரிந்தும், சாவியே இல்லாத பூட்டை என் கையில் கொடுத்துவிட்டுச் செய்தித்தாள் படிக்கப் போய்விட்டார், மாமா. இதுவா நியாயம்?

ஆனால் சோம்பேறி மேலிருந்து இறங்குவான். இந்த எண்ணுக்கு வர்க்கமூலம் ஒன்பதாயிரத்து நானூற்றுச் சொச்சம். வகுபடுவதாக இருந்தால் அதற்குள் ஒரு எண் சிக்கியே ஆக வேண்டும். அங்கிருந்து ஒற்றைப்படை எண்களாகக் கீழே வந்தேன். இன்று மாலை சிக்கியது: 9091. பெருக்கிப் பாருங்கள்: 9091 × 9901. மிச்சம் பூஜ்யம், அப்பாவின் மானமும் அவ்வளவே! எல்லாவற்றாலும் வகுத்தாயிற்று என்றது பச்சைப் பொய். ஞாயிறு காலை சாப்பாட்டுக்கு வந்து, எல்லோர் முன்னாலும் உங்கள் வாயாலேயே கேளுங்கள். நான் நேராக மைதானத்துக்கு ஓடுகிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசி கோலுக்குப் பின்னால் வந்து நிற்கட்டும்.

இப்படிக்கு,
வகுத்தே தேய்ந்த மருமகன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை மறந்துவிடுங்கள். இப்போதுதான் அப்பா அலுவலகத்திலிருந்து வந்தார். ஷூவைக்கூடக் கழற்றாமல் என் கட்டிலில் உட்கார்ந்தார்.

"இந்தத் தடவையும் பதவி உயர்வுல என் பேரு இல்லடா. கொஞ்சம் வளைஞ்சு குடுக்கணுமாம், மேனேஜர் சொல்றார்."

நான் விடைத்தாளை முழங்காலுக்கு அடியில் தள்ளினேன்.

"நான் ஒன்பதாயிரத்தோட நிறுத்திட்டேன். அதுக்கு மேல போகப் பயமா இருந்துச்சு. நீ பார்த்தியா? ஏதாவது வகுத்துச்சா?"

"இல்லப்பா."

"நெஜமா?"

"ஒண்ணுமே வகுக்கலப்பா."

முகமெல்லாம் சிரிப்பு, மாமா. பார்க்கவே எரிச்சலாக இருந்தது. அடுத்த நிமிடமே, "அப்ப ஞாயித்துக்கெழமை வெளிய போக முடியாது, தெரியும்ல?" என்றார். சொன்ன சொல்லிலிருந்து இம்மியும் வளையாத மனிதர்!

வேறு தாள் இல்லை, எல்லாம் வகுத்தே தீர்ந்துவிட்டது. அதனால் இதையே அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் தெருப் பையன்களிடம் கோலுக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லுங்கள். ஞாயிறு சாப்பாட்டுக்கு வந்தால், சாப்பிட மட்டும் வாயைத் திறங்கள்.